ஐந்தாம் தூணும் அப்பாவும்

அப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் பெரியோர்களுக்கும் உறவுகளுக்கும் மகளின் வணக்கம். அப்பாவைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அவருடைய கிடங்குக் கட்டடத்தை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. நாளை மறுநாள் அந்தக் கட்டடத்தைப் பழைய இரும்பு வியாபாரிக்கு எழுதிக்கொடுக்கப் போகிறோம் என்பதால் நிதானமாக எழுதவும் முடியவில்லை. பொறுத்தருளுங்கள்.

அப்பா பிறந்தது அவிநாசியில். அவருடைய அப்பா, எங்கள் அப்பாரு, பஞ்சு வியாபாரம் செழித்திருந்த காலத்தில் திருப்பூர் ஸ்டேஷன் பக்கம் கிடங்கு கட்டினார். வார்ப்பிரும்புத் தூண்கள் கூட்ஸ் ரயிலில் வந்து இறங்கி, மாட்டு வண்டிகளில் போயின. வழியில் ஒரு வண்டியின் அச்சு முறிந்து, தூண் நடுச்சாலையில் கிடந்ததாம். வேறு வண்டி வரும்வரை அதன்மேல் தன்னை உட்காரவைத்துக் கடலைமிட்டாய் வாங்கித் தந்தார்கள், அதுதான் தன் முதல் ஞாபகம் என்பார் அப்பா.

அப்பாரு போனபின் பஞ்சு வியாபாரம் படுத்துவிட்டது. நாடு குடியரசான சமயம். அப்பா படிப்பை விட்டுவிட்டு வந்து, கிடங்கைப் பனியன் தைப்பவர்களுக்கு வாடகைக்குத் திறந்துவிட்டார். தடுப்புச் சுவர் கட்ட வசதியில்லை. ஆகவே நான்கு தூண்களுக்கு நடுவே உள்ள இடம் ஒரு கம்பெனி. போர்டு இல்லாதவர்களுக்கும் விலாசம் இருந்தது: "ரெண்டாந்தூண் கம்பெனி", "ஏழாந்தூண் கம்பெனி". சித்தப்பாவின் படிப்பும் அத்தைகளின் கல்யாணங்களும் அந்தத் தூண்களுக்கு நடுவிலிருந்துதான் நடந்தன. குத்திக்காட்ட எழுதவில்லை, நடந்தது அது.

ஐந்தாம் தூணடியில் பின்னல் மெஷின் ஓட்டிய காதர் பாய், மோட்டார் மாட்டுவதற்காகத் தூணின் உச்சியில் ஓட்டை போட்டார். விரிசல் விட்டது. அப்பா பதறிப்போய் வெல்டிங்காரரைக் கூட்டிவந்தார். வார்ப்பிரும்பு ஓரிடத்தில் மட்டும் சூடேறினால் தாங்காது என்பது அன்று எங்கள் யாருக்கும் தெரியாது. நெருப்பு பட்டதும் பெரிய மணி கீழே விழுந்தாற்போல் ஒரு சத்தம். விரிசல் ஒரு முழம் இறங்கியது. எல்லோரும் தெருவுக்கு ஓடினார்கள்.

தூண் நின்றது. அப்பா சுற்றிலும் கட்டைகளை முட்டுக்கொடுத்தார். ஆசாரியை வைத்து இரும்புப் பட்டாவை இரண்டு அரைவளையமாக அடித்து, தூணைச் சுற்றி போல்ட் போட்டு இறுக்கவைத்தார். இம்முறை நெருப்பைக் கிட்டவே விடவில்லை. கடைசியாக விரிசலின் குறுக்கே சுண்ணாம்பைப் பட்டையாகப் பூசினார். தூண் ஒரு மயிரிழை அசைந்தாலும் சுண்ணாம்பு விண்டு பிளந்து காட்டிவிடும்.

அப்படியும் யாரும் உள்ளே வரவில்லை. அப்பா தன் மேஜையைத் தூணடிக்கு இழுத்துப் போட்டு, தூக்குப்போசியைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தார். சித்தப்பா வாசலிலேயே நின்றார்.

"ஏனுங்கண்ணா, தலைக்கு மேல எமன வெச்சுட்டுச் சோறு திங்கறீங்களே!"

"திங்கறது நானு. உனக்கென்னடா செரிக்க மாட்டேங்குது?"

காதர் பாய்தான் முதலில் உள்ளே போனார். "விழுந்தா ரெண்டு பேரும் ஒண்ணாப் போறமுங்க மொதலாளி. உங்கள எரிக்கோணும், என்னையப் பொதைக்கோணும். அங்க மட்டும் பிரிஞ்சுக்கலாம்."

அப்பாவுக்குப் புரையேறும்வரை சிரிப்பு. வெளியே நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள்.

பஞ்சுத் தூசி அவர் நெஞ்சில் இழுப்பாக உட்கார்ந்துவிட்டிருந்தது. கோவை ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில், கல்லூரி விட்டு நான் போய் நின்றால், மருந்தைக் கேட்கமாட்டார்.

"சுண்ணாம்பு விண்டுதா கண்ணு?"

"இல்லீங்கப்பா."

"நீ பாத்தியா, பாய் சொன்னதா?"

"ஞாயித்துக்கெழம நாந்தானுங்கப்பா ஏணி வெச்சு ஏறிப் பாத்தேன்."

மூச்சு வாங்கியது. கண்ணை மூடிக்கொண்டார் என்று நினைத்தேன். "ஏணிய ஆரு புடிச்சா?" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

கருமாதி முடிந்த மறுவாரமே விற்கிற பேச்சு வந்தது. சித்தப்பாவும் உறவுகளுமாகச் சேர்ந்து, கட்டடம் விழுந்துவிடும் என்கிறீர்கள். தூண்களை உடைத்து எடைக்குப் போடுவார்களாம். உள்ளே தைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் எங்கே போவார்கள் என்று நான் கேட்டால், சின்னப்பிள்ளை என்கிறீர்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போட எனக்கு இடமில்லை. அண்ணனும் தலைகுனிந்து நிற்கிறான். எனக்கு இருப்பது இந்த இரண்டு பக்கம்தான்.

ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொடுத்தனுப்பிய காதர் பாய் வீட்டாருக்கும், பட்டா அடித்த ஆசாரிக்கும், பாடை தூக்கிய பனியன்காரர்களுக்கும், அப்பா இருந்தவரை அவரோடு சண்டை போட்டாவது வந்துபோன சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்றைய சாப்பாடு கிடங்கில்தான். முதல் இலையை ஐந்தாம் தூணடியில் போடச் சொல்லியிருக்கிறேன். அது என் இலை. பக்கத்தில் வந்து உட்காருங்கள். கையைக் கழுவியதும் மேலே ஏறி அந்தச் சுண்ணாம்பைப் பாருங்கள். விண்டிருந்தால் நான் வாயைத் திறக்கமாட்டேன். தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள். பார்க்காமல் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன்.

— மகள்