மேஸ்திரி கட்சி

குவைத்திலிருந்து வந்த பிள்ளை என்று செலையூரில் எல்லோரும் என்னை வேடிக்கை பார்த்தார்கள். அங்கேயே பிறந்து ஒன்பது வயதுவரை வளர்ந்த எனக்கோ சென்னைதான் வெளிநாடு. ஏசி அறையும் பூட்டிய கதவுமாக இருந்தவளுக்கு, இங்கே வாசலைத் தாண்டினால் நாய், ஆட்டோ, கரும்புச்சாறு, சண்டை! அடேயப்பா, ஒரு தெருவில் இவ்வளவு இருக்குமா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

மேடவாக்கத்தில் அத்தா வாங்கியிருந்த மூன்றாம் மாடி ஃபிளாட்டில் நேராகக் குடியேறுவதாகத்தான் ஏற்பாடு. வந்து பார்த்தால் சுவர் இருந்தது, கதவும் ஜன்னலும் இல்லை. எல்லாம் ரெடி என்று போனில் சொன்ன பில்டரையே காணோம். வேறு வழியில்லாமல் செலையூரில் ஒரு மொட்டைமாடி அறையைப் பிடித்தோம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வெயிலில் வெந்தோம், மழையில் நனைந்தோம். கார்கோவில் வந்த அட்டைப்பெட்டிகளைப் பிரிக்காமலே அவற்றின்மேல் சாப்பிட்டோம், படித்தோம். தண்ணீர் லாரி சத்தம் கேட்டால் குடத்தோடு முதலில் ஓடுவது நான்தான். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். எனக்கோ தினமும் பெருநாள்.

இருந்தாலும் புது வீட்டு ஆசை என்னைப் பிடித்து ஆட்டியது. என் அறை ஜன்னலில் நின்றால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பறவைகள் இறங்குவது தெரியும் என்று அத்தா சொல்லியிருந்தார். வீட்டு வேலை முடிந்ததும் அவர் மட்டும் குவைத்துக்கு வேலைக்குத் திரும்பிவிடுவார் என்றும் சொல்லித்தான் இருந்தார்கள். அது யார் காதில் விழுந்தது!

ஒருவழியாகப் பில்டர் அகப்பட்டு வேலை நடக்க ஆரம்பித்தது. அத்தாவும் நானும் தினமும் பஸ் ஏறிப் போவோம். கதவு வந்தது, ஜன்னல் வந்தது, டைல்ஸும் பதித்தாகிவிட்டது. இதோ முடிந்தது என்னும்போது அத்தா ஒரு குறை கண்டுபிடிப்பார்.

"இந்த ஷெல்ஃப் ஒரு ஜாண் கீழ வரணும்."

மேஸ்திரி கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். "இன்னா சார், பேஜாரா கீது உங்களோட! நேத்து நீங்கதான மேல வைக்கச் சொன்னீங்க?"

"நேத்து சொன்னேன். இன்னிக்குப் பாத்தா சரியில்ல."

அடுத்த நாள் குளியலறைத் தரையில் தண்ணீர் ஓட வாட்டம் போதாது. அதற்கடுத்து பால்கனிச் சுவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அத்தாவ ஒரு வார்த்தை திட்டேம்மா!" என்று அம்மாவிடம் முறையிட்டேன். தண்ணீர் வராவிட்டாலும் கரண்ட் போனாலும் அவரைப் பிடித்து உலுக்குகிறவள், ஒழுகும் கூரைக்குக் கீழே வாளியை நகர்த்தி வைத்துவிட்டு, "நல்லாப் பாத்தே செய்யட்டுமே, என்ன அவசரம்?" என்றாள். இவர்களை நம்பிப் பயனில்லை என்று நான் மேஸ்திரி கட்சியில் சேர்ந்துவிட்டேன். மட்டம் பார்க்க ரசமட்டம் எடுத்துக் கொடுத்தேன், ஆணி பொறுக்கினேன். "அத்தா டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள பூசிடுங்கண்ணா!" என்று விரட்டினேன்.

"உன் நைனாவ சமாளிக்க நீதாம்மா கரெக்ட்டு" என்று சிரித்துக்கொண்டே அவரும் மளமளவென்று பூசினார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பால் காய்ச்சினோம். பிஸ்மில்லா சொல்லி அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். பால் பொங்கி வழிந்தபோது நான் போட்ட கூச்சலில் எதிர் ஃபிளாட் கதவு திறந்தது. என் ஜன்னலுக்கும் சமையலறைக்குமாக ஓடிக்கொண்டே இருந்தேன். அத்தா மட்டும் ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

அம்மா அவர் பக்கத்தில் போய் நின்றாள். "இன்னும் ஏதாச்சும் குறை இருக்கான்னு நல்லாப் பாத்தீங்களா?"

அத்தா குளியலறைக் கதவை இன்னொரு தடவை மூடினார். கிறீச்சென்று ஒரு சத்தம்கூட வரவில்லை.

"இல்ல. நல்லாத்தான் செஞ்சு தொலைச்சிருக்கான்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுப்பு வெக்கை என்று நினைத்தேன். அத்தா வாயிலிருந்து ஒருவழியாக 'நல்லா' என்று வந்துவிட்டதே! எங்கள் கட்சி ஜெயித்துவிட்டது என்று கீழே நின்ற மேஸ்திரியிடம் சொல்ல, மூன்று மாடியும் குதித்துக்கொண்டு இறங்கினேன்.