கரைக்கு வந்த பூக்கள்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு முறை பார்ப்பேன். காரைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடந்து, திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்ப்பேன். வீட்டில் இதற்காக என்னைக் கேலி செய்யாத ஆள் இல்லை. அப்பாவின் சாம்பலைக் கரைத்த அன்று இந்தக் குணம்தான் அண்ணனைக் காப்பாற்றியது. ஆனால் அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

ஈப்போவில் காலையிலேயே எலும்பு பொறுக்கி, மண்சட்டியில் போட்டுத் துணி கட்டி, ஆயர் தாவார் வழியாக லுமுட் கடற்கரைப் பக்கம் போனோம். மொத்தம் இரண்டு கார். சட்டி அண்ணன் மடியில் இருந்தது. சடங்குக்குப் பொறுப்பு பெரியப்பா. அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் உண்டு. அன்று வழி நெடுகச் சொன்னது ஒன்றுதான்: சட்டியை விட்டதும் எல்லாரும் காரைப் பார்த்து நடக்க வேண்டும், ஒருவரும் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் அப்பா போக மனமில்லாமல் நம் பின்னாலேயே வந்துவிடுவார்.

அண்ணனுக்கு நீச்சல் தெரியும். ரப்பர் எஸ்டேட்டை விட்டு வந்தபின் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் ஓர் ஈயக்குட்டை இருந்தது. ஈயம் தோண்டிய பள்ளத்தில் நின்றுபோன தண்ணீர். அதில்தான் கற்றுக்கொண்டான். அந்தத் தண்ணீர் எங்கும் போகாது. இலை விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கும். எங்கள் ஆட்கள் பாதிப் பேருக்குத் தண்ணீர் என்றால் அதுதான். கடலுக்குப் போவது யாராவது செத்தால்.

கடல் அன்று சாதுவாகத்தான் இருந்தது. காற்று கரையை நோக்கி அடித்தது. பெரியப்பா தூவிய பூக்கள் மெல்ல மெல்ல எங்கள் காலடிக்கே திரும்பி வந்தன. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. சட்டியும் இப்படித் திரும்பி வந்தால் என்ன ஆவது என்று அண்ணனை இன்னும் உள்ளே போகச் சொன்னார். இடுப்பளவில் நின்றவன் நெஞ்சளவுக்குப் போனான். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, சட்டியைத் தோளுக்கு மேலாகப் பின்னால் விட்டான். மூன்று முழுக்குப் போட்டுவிட்டு வரச் சொல்லிவிட்டு, பெரியப்பா எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். நாங்கள் நடந்தோம்.

தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஓர் ஆள் பின்னால் வரும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தேன். சத்தம் வரவில்லை. மூன்று முழுக்குக்கு எவ்வளவு நேரம் ஆகும்? திரும்பினால் அப்பாவுக்கு ஆகாது. திரும்பாவிட்டால்? காருக்குப் பாதித் தூரத்தில் திரும்பிவிட்டேன்.

தலை மட்டும்தான் தெரிந்தது. நின்ற இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி. பூக்கள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. அண்ணன் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தான். ஒரே தண்ணீர் எப்படி இரண்டையும் செய்யும் என்று ஒரு கணம் புத்தி ஓடவில்லை. பிறகுதான் கத்தினேன். பெரியப்பா திரும்பாமலேயே என்னைத் திட்டினார்.

“திரும்பாதன்னு சொன்னேன்லா.”

சற்றுத் தள்ளி, படகில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவரை நோக்கிக் கைகளை வீசிக்கொண்டு ஓடினேன். அவர் இஞ்சினை முடுக்கினார். படகு போய்ச் சேரும்வரை நான் எந்தச் சாமியையும் கும்பிடவில்லை. அப்பாவிடம்தான் கெஞ்சினேன், அவனை விட்டுடுங்கப்பா என்று. அப்பாதான் அவனை இழுக்கிறார் என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

படகுக்காரர் அண்ணனைத் தூக்கிப் படகில் போட்டுக் கொண்டுவந்தார். வேட்டி இரண்டு காலையும் சுற்றிக் கட்டியிருந்தது. கரையில் கிடந்து உப்புத் தண்ணீராக வாந்தி எடுத்தான். பெரியப்பா மணலில் உட்கார்ந்துவிட்டார். படகுக்காரர் தன் தூண்டில்களைக் காட்டி எங்களுக்கு விளக்கினார். மிதவை கட்டிய கயிறு கரைப்பக்கம் வந்திருந்தது, ஈயக்குண்டு கட்டிய கயிறு கடல்பக்கம் சாய்ந்திருந்தது. மேல் தண்ணீரைக் காற்று கரைக்குத் தள்ளுகிறதாம்; கடல் வற்றுகிற நேரத்தில் கீழ்த்தண்ணீர் வெளியே இழுக்கிறதாம். பூ மேலே போவதோடு போகும், காலூன்றப் பார்க்கிற ஆள் கீழே போவதோடு போவான். இது தெரியாமலா இறங்கினீர்கள் என்று கேட்டார். எங்களுக்குத் தெரியாது.

அதன் பிறகு பல நாள் கைப்பேசியில் இதையே படித்தேன். பெருங்கடல்களில் மேலே காற்று ஓட்டும் நீரோட்டம் ஒன்று. துருவப் பக்கத்தில் குளிர்ந்து, உப்புக் கூடிக் கனத்துப்போன தண்ணீர் அடிக்கு இறங்கி, இருட்டில் ஊர்ந்து, மறுபடி மேலே வரப் பல நூறு வருஷம் ஆகுமாம். எங்கள் கரையோரக் கடல் ஆழமில்லாதது, அங்கே நீர் ஏறுவதும் வற்றுவதும்தான். அது தெரிந்தும், படிக்கப் படிக்கப் பயம்தான் கூடியது. மேலே பார்த்து எதையும் நம்ப முடியாது என்றாகிவிட்டது எனக்கு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சுங்கை சிப்புட்டில் அண்ணன் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அவனுக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, அதுவரை கேட்காமலிருந்ததைக் கேட்டேன். ஏன் கூப்பிடவில்லை? வாயில் தண்ணீர் போய்விட்டதா?

“அதெல்லாம் அப்புறம்தான். மொதல்ல நல்லாத்தான் இருந்தேன். நீங்கல்லாம் நடந்து போறது தெரிஞ்சிச்சு. கூப்பிட்டா திரும்பிப் பாப்பீங்க. அப்பா போகணும்லா.”

சொல்லிவிட்டு மைலோவை ஊதிக் குடித்தான். அன்று காற்று அவன் பக்கமிருந்து எங்கள் பக்கம்தான் அடித்தது. மெதுவாகக் கூப்பிட்டிருந்தாலே கேட்டிருக்கும்.