ஆட்டத்தைக் கலைத்தது யார்

அலுவலகத்தில் அவளுக்குப் 'பொறுமை' என்று பட்டப்பெயர். அது அவளிடம் அறவே இல்லாததால் வைத்த பெயர். விண்டோஸ், லினக்ஸ், மேக் என்ற மூன்று வகைக் கணினிகளையும் ஒன்றோடொன்று பேசவைக்கும் நிரல் எழுதுவது அவள் தொழில். விண்டோஸில் பேச்சைத் தொடங்குமுன் கும்பிடு போட்டு அனுமதி வாங்க வேண்டும். லினக்ஸும் மேக்கும் அந்த மரியாதையைக் கேட்பதில்லை. இணைப்பை மூடும் கட்டளைக்குக்கூட அங்கே ஒரு பெயர், இங்கே ஒரு பெயர்.

"மூணு மாமியாருக்கும் ஒரே நேரத்துல நல்ல மருமகளா இருன்னா, நான் எங்க போவேன்?" என்று பக்கத்து மேசைக்காரரிடம் பொருமுவாள்.

"எனக்கு ஒண்ணையே சமாளிக்க முடியலம்மா," என்பார் அவர்.

முழங்கால் வலியால் அப்பாவும் சித்தப்பாவும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக முடியாமல் முடங்கியபோது, இருந்த இடத்திலிருந்தே செஸ் ஆட அவள்தான் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தாள். அப்பாவிடம் லினக்ஸ், சித்தப்பாவிடம் விண்டோஸ். தன்னுடைய மேக்கில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

ஒரு மாலை, ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் அப்பா யானையை நகர்த்தினார். பலகை, காய்கள் எல்லாம் திரையிலிருந்து மறைந்தன. ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை.

"தோக்கப் போறோம்னு தெரிஞ்சதும் கலைச்சுட்டுப் போயிட்டான்!" என்று அப்பா கொதித்தார். சித்தப்பா திரையிலோ 'எதிராளி இல்லை' என்று வந்தது. ஓடிப்போனது அண்ணன்தான் என்று அவர் முடிவு கட்டினார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

"ரெண்டு பேரையும் சேர்த்து வைக்கறேன்னு என்னமோ எழுதினியே, நல்லா எழுதினடி," என்றாள் அம்மா.

அவள் சித்தப்பாவுக்குப் போன் செய்தாள். "ஆட்டத்துக்கு நடுவுல கம்ப்யூட்டரை மூடினீங்களா, சித்தப்பா?"

"காபி எடுக்கப் போனேன். மூடாமப் போனா தூசி விழாதா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். மூடினால் மடிக்கணினி தூங்கிவிடும், இணைப்பு அறுந்துவிடும். எதிர்முனை போனபின் அதற்கு எதையாவது அனுப்பினால், லினக்ஸ் நிரலின் கதையையே முடித்துவிடும். அப்படி முடிக்க வேண்டாம் என்று ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் நிரலில் சொல்ல வேண்டும். மேக்கும் அப்படித்தான், ஆனால் அங்கே தொடக்கத்தில் ஒரு தடவை சொன்னால் போதும். அதைச் சொல்லியிருந்தாள். லினக்ஸுக்குச் சொல்ல மறந்திருந்தாள். விண்டோஸுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை.

"மெஷின் மேல பழியைப் போடாதே," என்றார் அப்பா. "அவன் சின்ன வயசுலயே கேரம் போர்டைக் கவுத்தவன்."

விளக்கிப் பயனில்லை என்று தெரிந்தது. நிரலைத் திருத்தாமல், தன் கணினியோடு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். "வாங்கப்பா, ஒரு ஆட்டம்."

அன்றைக்கு அவள் கை ஓங்கியது. அப்பாவின் ராணியை வெட்டினாள். அடுத்து ராஜாதான் என்ற நிலையில், தன் மடிக்கணினியைப் படக்கென்று மூடினாள். அப்பா தயங்கித் தயங்கிக் காய்களை நகர்த்திப் பார்த்தார். திரை வெறிச்சோடியது.

"ஜெயிக்கற நான் எதுக்குப்பா ஓடணும்?"

அப்பா திரையிலிருந்து தலையை நிமிர்த்தி, "அந்தப் போனை எடு," என்றார்.

அன்றிரவே அவள் லினக்ஸுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். இனி எந்தக் கணினியானாலும் ஒரே வாசகம்தான் வரும்: 'எதிராளி இணைப்பில் இல்லை. ஆட்டம் அப்படியே இருக்கிறது.'

மறுநாள் மாலை சித்தப்பாவின் ராஜா மூலையில் மாட்டிக்கொண்ட நேரம் பார்த்து அந்த வாசகம் வந்தது. அப்பா போனை எடுத்தார்.

"டேய், காபியா, பயமா?"

"காபிதாண்ணா!"

"நிதானமாக் குடி. உன் ராஜா எங்கயும் போகமாட்டான்."

காபியா பயமா என்று கண்டுபிடிக்க மூன்று கணினியிலும் வழியில்லை. அந்த ஒரு விஷயத்தில் மூன்றும் ஒற்றுமையாக இருப்பதை நினைத்து அவள் சிரித்துக்கொண்டாள்.