எதிர்காற்றில் எறிந்த மூடி

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சண்டை இல்லாத நாள் அபூர்வம். போடியிலிருந்து குரங்கணி வழியாக மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் பிழைக்க வந்த புதிதில் ஒருநாள், ஆத்திரத்தில் துரை பங்களாவிலிருந்து வந்த பிஸ்கோத்து டப்பாவின் வட்ட மூடியை அவர்மேல் விட்டெறிந்தேன். அது படுத்த வாக்கிலேயே அவர் தலைக்குமேல் போய், ஏலச்செடிகளைத் தாண்டி, மெத்தென்று தரையில் உட்கார்ந்தது. எனக்குச் சண்டையே மறந்துவிட்டது. அன்றிலிருந்து கிடைத்த டப்பா மூடிகளையெல்லாம் சேர்த்துவைத்து, ஓய்வு கிடைத்தால் மூடியும் கையுமாகத்தான் திரிந்தேன்.

சுழற்றாமல் எறிந்தால் மூடி முன்பக்கம் தூக்கி மல்லாந்து விழும். மணிக்கட்டைச் சுண்டிச் சுழற்றிவிட்டால், சுற்றுகிற பம்பரம் மாதிரி சாயாமல் போகும். விளிம்பு கனமாக இருந்தால் சுற்று வெகுநேரம் நிற்கும். பாய்கிற வேகத்தில் காற்று அதை அடியில் தாங்கிக்கொள்ளும். வேகம் குறையும்போது என் கைக்கு அது இடப்பக்கம் சரியும். இதெல்லாம் யாரும் சொல்லித் தெரிந்ததல்ல, நானே எறிந்து எறிந்து கண்டது. தோட்டத்தில் என்னைக் கிறுக்கி என்றார்கள். சொல்லிவிட்டுப் போங்கள் என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஆடி மழையில், ஏலக்காய் காயவைக்கும் கொட்டகைக்குக் காவலுக்குப் போன என் வீட்டுக்காரருக்கு மலைக்காய்ச்சல் கண்டது. அந்தக் கொட்டகையை மூன்று பக்கமும் ஓடை வளைத்துக்கொண்டு ஓடும். நாலாவது பக்கம் செங்குத்துப் பாறை. மரப்பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அவரோடு காவலுக்கு இருந்த ஆள் அக்கரையில் நின்று, உன் வீட்டுக்காரர் நினைவில்லாமல் பிதற்றுகிறார், காய்ச்சலுக்கான கொய்னா மருந்துப்பொடி உள்ளே போகாவிட்டால் தாங்கமாட்டார் என்று கத்தினார்.

எங்கள் கங்காணியிடம் மூன்று பொட்டலம் கொய்னா இருந்தது. ஒன்றைக் கல்லோடு கட்டி அவரே வீசினார். அது அக்கரைப் பாறையில் மோதிக் கிழிந்து, பொடி முழுக்க மழையில் கரைந்தது. அப்புறம்தான் என் மூடிகளை நீட்டினேன். இரண்டாவது பொட்டலத்தை மெழுகுத்துணியில் சுற்றி, மூடியின் உள்பக்கம் நட்டநடுவில் தேன்மெழுகு வைத்து ஒட்டினேன். கங்காணி, போடிப் பக்கம் நெல் விளையும் சிலமலை ஊர்க்காரர். காற்று முதுகுப்பக்கம் வரும்படி நிற்கச் சொன்னார். நெல் தூற்றிப் பழகிய எங்கள் யாருக்கும் வேறு யோசனை வராது. அப்படியே நின்று எறிந்தேன். கூடவே ஓடிய காற்று மூடியைத் தாங்கவேயில்லை. பாதி ஓடையில் பொத்தென்று விழுந்து வெள்ளத்தோடு போயிற்று.

என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. களத்தில் பதரைக் காற்று கொண்டுபோனால் போதும். மூடியைக் காற்று தூக்கவல்லவா வேண்டும்! எதிரே வந்து மோதினால்தானே தூக்கும்? கடைசிப் பொட்டலத்தை இன்னொரு மூடியில் ஒட்டிக்கொண்டு, ஓடை வளைவைச் சுற்றி மறுபக்கத்துக்கு ஓடினேன். அங்கே காற்று முகத்தில் அறைந்தது. காவல் ஆளும் அக்கரையில் எனக்கு நேர் எதிரே ஓடிவந்து நின்றார். பின்னாலேயே வந்த கங்காணி என் கையைப் பிடித்தார்.

“எதுத்த காத்துல எறியாத ஆத்தா. இதுவும் போச்சுன்னா உம்புருசன் பொழைக்கமாட்டான்.”

“விடுங்கண்ணே. எனக்குத் தெரியும்.”

மூடியின் முன்விளிம்பை லேசாகத் தாழ்த்தி, வலப்பக்கம் தள்ளிக் குறிவைத்து, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டிச் சுண்டினேன். தண்ணீரை உரசுகிற மாதிரி போன மூடி, நடு ஓடையில் காற்று மோதியதும் எழும்பியது. எழும்பி, மிதந்து, மெதுவாக இடப்பக்கம் சரிந்து, அந்த ஆளின் காலடியில் போய் உட்கார்ந்தது. அவர் பொட்டலத்தைப் பிய்த்தெடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார். நான் குலவையிட்டேன். அன்றைக்கு வந்த கர்வம் எனக்கு இன்னும் அடங்கவில்லை, அடக்கவும் மாட்டேன்.

நாலாம் நாள் காலையில் மழை விட்டது. அக்கரையில் கம்பை ஊன்றிக்கொண்டு, எலும்பும் தோலுமாக அவரே வந்து நின்றார். என்னைப் பார்த்ததும் முதல் பேச்சே குறைதான்.

“என்னத்தடி அனுப்புன? நாக்கெல்லாம் கசக்குது.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொண்டு கத்தினேன்.

“உசுரோட இருக்கப்போயித்தானே கசக்குது!”