மூக்குக்குள் சிவப்பு விளக்கு

தேவிகுளத்துக்குக் கீழே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், இலை புளிக்கும் அறையில் முனீஸ்வரனுக்கு வேலை. உருட்டி நசுக்கிய கொழுந்தைத் தட்டுகளில் பரப்பி வைத்தால் அது பச்சை மாறிச் செம்பு நிறத்துக்கு வரும். அதற்குள் புல்வாடை போய், பழுத்த பழம்போல ஒரு மணம் எழும். எழுந்ததும் சூட்டில் உலர்த்தும் டிரையரில் ஏற்றிவிட வேண்டும். முந்தினால் தேநீர் பச்சை வாடை அடிக்கும், பிந்தினால் அளவுக்கு மீறிப் புளித்துப்போகும். கடிகாரமும் வெப்பமானியும் சுவரில் தொங்கினாலும், அந்த அறைக்கு ஆள் போடும்போது மூக்கைப் பார்த்துத்தான் போடுவார்கள். முனீஸ்வரன் "ஏத்து" என்றால் டிரையரில் நிற்கும் ஜெகன் மறுபேச்சுப் பேசமாட்டான்.

அந்த மூக்கு ஒரு காய்ச்சலில் போயிற்று. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லாருக்கும் வந்த வைரஸ் காய்ச்சல்தான். மற்றவர்கள் எழுந்து வேலைக்குப் போய்விட்டார்கள். முனீஸ்வரனுக்கும் சூடு இறங்கியது, இருமல் நின்றது. வாசனையும் ருசியும் மட்டும் திரும்பவில்லை. மனைவி வேலுத்தாய் வைத்த கருவாட்டுக் குழம்பு வாய்க்குள் வெறும் சுடுதண்ணீராகக் கிடந்தது.

தொழிற்சாலையில் அவர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. தெரிந்தால் அந்த அறை கைவிட்டுப் போகும், பாய்லருக்கு விறகு தள்ளத்தான் அனுப்புவார்கள். கண்ணால் நிறம் பார்த்தார், இலையைப் பொத்திப் பிடித்து உள்ளங்கையில் சூடு பார்த்தார். ஒரு தட்டுகூடப் பக்குவம் பிசகவில்லை. பார்ப்பவர்களுக்காக, குனிந்து முகர்வதை மட்டும் விடாமல் செய்துவந்தார்.

வேலுத்தாய்தான் அவரை அடிமாலியில் ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே பென்சில்போல ஒரு கருவியை மூக்குத் துளைக்குள் வைத்து, சிவப்பு விளக்கை எரியவிட்டார்கள். பிறகு நாக்கிலும் அதே வெளிச்சம். சூடும் இல்லை, வலியும் இல்லை.

"ஏங்க, மூக்கே செவப்புக்கல்லு மூக்குத்தி மாதிரி மின்னுது. எனக்கு ஒண்ணு வாங்கித் தர வக்கில்ல, நீங்க போட்டுக்கிட்டீங்க" என்றாள் வேலுத்தாய்.

விளக்கை எடுத்ததும் முனீஸ்வரன் கேட்டார்: "வெளிச்சம் கண்ணுக்குத்தான டாக்டரம்மா? மூக்கு என்னத்தப் பாக்கும்?"

"வைரஸ் கெடுத்த எடத்துல இந்த வெளிச்சம் பட்டா செல்லுக்குத் தூண்டுதல் கிடைக்கும்னு நெனைக்கிறோம். புதுசா செய்யுற சிகிச்சை. சிலருக்குக் குணம் தெரியுது, சிலருக்குத் தெரியல. கேரண்டி சொல்ல மாட்டேன்." வீட்டில் தினமும் கிராம்பு, எலுமிச்சை, யூகலிப்டஸ் தைலம் இவற்றை முகர்ந்து பழகவும் சொன்னார்.

பல சனிக்கிழமைகள் போய்வந்த பின், மழை விடாமல் பிடித்திருந்த ஒரு காலையில் அறைக்குள் நுழைந்தவருக்கு மணம் அடித்தது. பழுத்த மணம். பழைய மணமேதான். கண் கலங்கிவிட்டது.

"ஏத்து" என்றார்.

ஜெகன் தட்டை எட்டிப் பார்த்தான். "அண்ணே, இன்னும் பச்சையால்ல கெடக்கு?"

"மழைக்காலத்துல நெறம் பின்னாலதாண்டா வரும். மூக்குதான் முந்திச் சொல்லும். தெரியாதா ஒனக்கு?"

அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான் அது. ஜெகன் ஏற்றினான்.

தேயிலையின் தரம் பார்க்கும் டீமேக்கர் பூபதிராஜா, கொழிஞ்சாம்பாறைக்காரர். அந்த இலையில் போட்ட தேநீரை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி ஒரு வாய் உறிஞ்சியவர் அப்படியே துப்பினார். "ஏனுங்க முனீஸ்வரன், இது டீங்களா, கீரை வேக வெச்ச தண்ணீங்களா?"

முனீஸ்வரனுக்கு ஒன்றும் புரியவில்லை. மணம் வந்தது பொய்யில்லை. பிறகு இலை ஏன் பச்சை?

வீட்டுக்கு வந்து சொன்னதும் வேலுத்தாய் அவர் கண்ணைத் துண்டால் கட்டி உட்கார வைத்தாள். முதலில் கருவாட்டை நீட்டினாள்.

"ரப்பர் கருகுன வாடை."

"வெளங்கும்." அடுத்து ஏலக்காய்.

"ஒண்ணும் தெரியல."

"இது?"

முனீஸ்வரன் ஆழமாக இழுத்தார். முகம் மலர்ந்தது. "இதத்தான் சொன்னேன்! பக்குவம் வந்த எல. எங்க கெடச்சுது ஒனக்கு?"

"வெறும் டம்ளருங்க."

"கழுவாத டம்ளரா இருக்கும்."

"நாந்தான் கழுவிக் கவுத்தேன்." சிரித்துக்கொண்டே கட்டை அவிழ்த்தவள், அவர் முகத்தைக் கண்டதும் சிரிப்பை விட்டுவிட்டாள்.

அவர் போர்வையை முகர்ந்தார், சுவரை முகர்ந்தார், தன் உள்ளங்கையை முகர்ந்தார். எல்லாவற்றிலும் அதே மணம். சற்றுக் கழித்து எதிலும் இல்லை. காலையில் வந்தது இலையிலிருந்து வந்ததா, மூக்கு தானாகக் கிளப்பிவிட்டதா? உள்ளே குணமாகிறதா, இன்னும் கெடுகிறதா? டாக்டரம்மாவே கேரண்டி சொல்லவில்லை; வேறு யாரைக் கேட்பது?

மறுநாள் பூபதிராஜாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இன்னொரு தட்டைப் பாழாக்கிவிட்டு அந்த அறையில் நிற்க அவருக்கு மனம் வரவில்லை.

பூபதிராஜா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "மூக்கு இல்லாம எப்படிங்க இத்தன நாளு ஓட்டுனீங்க?"

"கண்ணால சார். கையால."

"அப்ப நல்லாத்தானுங்க இருந்துச்சு. இப்ப என்னங்க?"

"இப்ப மணக்குது சார். அதான் எடஞ்சலு."

பூபதிராஜா தலையைச் சொறிந்தார். "எனக்கும் ஒண்ணும் வெளங்கலீங்க. மூக்கக் கட்டிக்கிட்டு இன்னைக்கு ஒரு நாளு பாருங்க. தப்புச்சுன்னா ஜெகனத்தான் இங்க போடோணும்."

துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு வந்தவரைப் பார்த்து ஜெகன், "யாரு வீட்டுலண்ணே கன்னம் வச்சுத் திருடப் போறீங்க?" என்றான்.

கட்டிய துண்டுக்குள்ளேயே மணம் எழுந்தது. இலையைப் பரப்பி முடிக்கும் முன்பே மூக்கு அவசரப்படுத்தத் தொடங்கிவிட்டது. முனீஸ்வரன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "ஏத்தவாண்ணே?" என்று ஜெகன் இரண்டு முறை கேட்டான். அவர் தலையை மட்டும் ஆட்டி மறுத்தார். நிறம் மெல்ல மெல்ல மாறியது. இலையை அள்ளிப் பொத்தினார்; சூடு இன்னும் போதவில்லை. மறுபடி பொத்தினார். மூக்கில் அதற்குள் மணம் அடங்கி ஒன்றுமே இல்லாமல் போயிருந்தது. ஓரத்துத் தட்டுவரை செம்பு படர்ந்த பிறகுதான், "ஏத்துடா" என்றார்.

பூபதிராஜா உறிஞ்சினார். துப்பவில்லை, விழுங்கிவிட்டார். "நீங்களே இருங்க அங்க. மூக்க மட்டும் நம்பாதீங்க."

"சரிங்க சார்." முனீஸ்வரன் நகரவில்லை. "சனிக்கெழம லீவு வேணும். லைட்டு வைக்கப் போவணும்."

"அதுதானுங்களே உங்க வேலையக் கெடுக்குது?"

"ஆமா சார்."

"அப்பறமும் போறீங்களா?"

"பொய்யோ நெசமோ, அந்த மணம் வருதுல்ல சார். போறேன்" என்றார் முனீஸ்வரன்.