யாருக்கும் சொல்லாத சர்க்கரை

புதுச்சேரி காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேர்ந்த முதல் வருடம் நான் மெலிந்துகொண்டே போனேன். கூடப் படித்தவர்கள் "டயட்டா?" என்று கேட்டார்கள், எனக்கும் உள்ளூரச் சந்தோஷம். ஆனால் எவ்வளவு தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை. ஒருநாள் காலையில் வாந்தி நிற்காமல் மூச்சு இரைத்தது. அம்மாவும் அப்பாவும் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

டைப் ஒன் சர்க்கரை என்றார் டாக்டர். உடம்பில் இன்சுலின் சுரக்கவில்லையாம். இனி ஆயுசுக்கும் ஊசிதான்.

"வயசானவங்களுக்குத்தான சார் வரும்? இவ ஸ்வீட்கூட அவ்வளவா தின்னமாட்டாளே" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார்.

அரியாங்குப்பத்தில் வீட்டுக்கு வந்ததும் அம்மா ஃபிரிட்ஜில் கொத்தமல்லிக் கட்டுக்குப் பின்னால் மருந்தை மறைத்து வைத்தாள். "யார்கிட்டயும் சொல்லாத. நாளைக்கு உன்ன யாரு கட்டுவாங்க?"

சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வயிற்றில் குத்திக்கொள்வேன். வெளியே யாராவது கதவைத் தட்டினால் ஊசியை அவசரமாகப் பைக்குள் திணிப்பேன். சர்க்கரை திடீரென்று இறங்கினால் மயக்கம் வரும், கூட இருப்பவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூட இருந்த யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பே என்னைப் பாதி தின்றது.

ஒருநாள் ஊசி போட்டபின் வகுப்புக்கு அவசரமாகக் கூப்பிட்டதால் சரியாகச் சாப்பிடவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் வியர்த்துக் கொட்டியது. கடைப் பலகைகளில் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. பையில் குளுக்கோஸ் இல்லை. பக்கத்து சீட்டில் லாஸ்பேட்டையிலிருந்து வரும் என் தோழி.

"இன்னாடி ஆச்சு? வாந்தி வருதா?"

சொல்லலாமா வேண்டாமா என்று அப்போதும் யோசித்தேன். நாக்கு குழறத் தொடங்கியது.

"எனக்கு சர்க்கரை. இறங்குது. இனிப்பு எதுனா குடு."

அவள் எழுந்து பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். பின்சீட்டிலிருந்து யாரோ மாம்பழ ஜூஸ் பாக்கெட் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். ஸ்ட்ராவை அவளே என் வாயில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தோழி தன் ஸ்டாப்பில் இறங்காமல் என் வீடு வரைக்கும் வந்தாள். நடந்ததைக் கேட்டதும் அம்மாவின் முதல் கேள்வி: "பஸ்ல நம்ம ஊரு ஆளுங்க யார்னா இருந்தாங்களா?"

எனக்கு அழுகை முட்டியது. அம்மா என் முதுகைத் தொட்டாள். சட்டை இன்னும் நனைந்திருந்தது. அவள் முகம் மாறிவிட்டது. தோழியின் பக்கம் திரும்பி, "இது வந்தா இன்னா குடுக்கணும்னு சொல்லித்தரேன், கேட்டுக்கம்மா" என்றாள்.

அதன்பின் கேன்டீன் மூலையில் தோழி மறைத்துக்கொள்ள, அங்கேயே ஊசி போட்டுக்கொள்கிறேன். ஆனாலும் லேசாக வியர்த்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. வெயிலா, சர்க்கரையா என்று விரலைக் குத்திப் பார்த்தால்தான் நிம்மதி.

போன வாரம் எனக்கு ஒரு வரன் வந்தது. "விஷயத்த சொல்லிட்டு வரச்சொல்லும்மா" என்றேன். அம்மா சரியென்றாள். இன்னும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் செய்யவில்லை.