போலிகளுக்கு நடுவே ஒரு நிஜ வரைபடம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஆராய்ச்சி மாணவனாக விடுமுறைக்கு அருப்புக்கோட்டை வந்திருந்தேன். நாள் முழுக்க என்னோடு பேசியது பக்கத்து வீட்டு விசைத்தறி மட்டும்தான். அதுவும் சொன்னதையே சொன்னது.

என் ஆய்வு இதுதான்: தொலைதூர விண்மீன் மண்டலங்களின் மையத்திலிருந்து வரும் எக்ஸ்-கதிர் தாறுமாறாக ஏறி இறங்கும். அது வெறும் தற்செயலா, உள்ளே சில எளிய விதிகள் ஒளிந்திருக்கும் கேயாஸா? விதி இருக்கிறது என்று வழிகாட்டியிடம் வாய்விட்டிருந்தேன். ஆய்வேடே அந்த வாயை நம்பித்தான் நின்றது.

அதற்கொரு சோதனை உண்டு. ஏற்ற இறக்கத்தின் போக்கை அப்படியே வைத்து, விதி இருந்தால் அது மட்டும் குலையும்படி, கணினியில் போலி வரைபடங்கள் செய்ய வேண்டும். அவற்றுக்கு நடுவே நிஜம் தனித்துத் தெரிந்தால் நான் பிழைத்தேன். கணினி தந்த விடை இழுபறி. என் கண்ணுக்கோ நிஜம் பளிச்சென்று தெரிந்தது. தெரியாமல் என்ன, எது நிஜமென்று எனக்கு முன்பே தெரியுமே! தெரியாத ஒருவர் பார்க்க வேண்டும். ஊரில் யாருக்கும் தெரியாதுதான், பார்க்கத்தான் ஆளில்லை.

பந்தல்குடிக்குப் பெண் பார்க்கப் போனபோது தாள்களைப் பையில் எடுத்துக்கொண்டேன். "ரெண்டு வார்த்தை பேசிக்கங்க" என்று எங்களை விட்டுவிட்டு, பெண்ணின் அண்ணன் வாசலில் நின்றுகொண்டார். நான் தாள்களைப் பாயில் பரப்பினேன்.

"இதுல ஒண்ணுதான் நெசம். எதுன்னு சொல்லுங்க."

"சமைக்கத் தெரியுமான்னு கேப்பீகன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு குனிந்து, ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்து, ஒன்றில் விரல் வைத்தாள். "இது. சரியா?"

போலி. தாள்களைக் கலைத்துப் போட்டேன். மறுபடியும் போலி.

"அப்ப நெசம் எதுங்க?"

காட்டினேன்.

"இதுவா? இதுல அப்பிடி என்ன இருக்கு?"

வாசலிலிருந்து அண்ணன், "மாப்ள, ஜாதகமா பாக்குறீக?" என்றார்.

ஒரு ஆள் சொன்னதை வைத்து அறிவியல் முடிவெடுப்பதில்லை. ஆனால் நான் ஏமாற்றிக்கொண்டிருந்ததும் ஒரே ஆளைத்தானே, என்னை? மறுநாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து வழிகாட்டியிடம், "விதி எதுவும் தெரியல சார்" என்றேன்.

பெண் வீட்டிலிருந்து தரகர் வழியே பதில் வந்தது: "பையன் நல்ல பையந்தான். கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்காப்ல."

தற்செயலிலிருந்து பிரித்தறிய முடியவில்லை என்று எழுதியே பட்டம் வாங்கினேன். பிறகு எத்தனையோ அரங்குகளில் அந்த வரைபடங்களைத் திரையில் காட்டியிருக்கிறேன். கைதட்டினார்கள், கொட்டாவி விட்டார்கள். குனிந்து பார்த்து, விரல் வைத்து, "சரியா?" என்று கேட்டவர் வேறு யாருமில்லை.